ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு விண்டோஸைக் குடிபெயர்த்தல்: முழுமையான வழிகாட்டி

என் தங்கை வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். அவளுடைய மடிக்கணினி 2018இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலையில் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், பால் பொங்கி இறக்கிய பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். புதிய கணினி வாங்குவதே வழி என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அந்தச் செலவு தேவைப்படவில்லை. செயலியில் குறை இல்லை. தாமதம் முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 11 மில்லிவினாடி எடுக்கிறது. தேவையான தரவு ஊசிக்கு நேராக வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ஊசி உரிய தடத்துக்கு நகர்வதற்கு இன்னும் சில மில்லிவினாடிகள். விண்டோஸ் தொடங்கும்போது எண்ணற்ற சிறு கோப்புகளை இப்படித்தான் தேடித் தேடிப் படிக்கிறது. மின்சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை. அதே தேடல் ஒரு மில்லிவினாடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் முடிகிறது.

பழைய வட்டில் உள்ள அனைத்தையும் விண்டோஸோடு எஸ்எஸ்டிக்கு மாற்றும் இந்த வேலையில், நகலெடுப்பது மிக எளிய பகுதி. அதற்கு முன் செய்யும் ஆயத்தமும், எந்த வட்டிலிருந்து எந்த வட்டுக்கு எழுதுகிறோம் என்ற நிதானமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்காக இதைச் செய்தபோது, ஒரே அளவுள்ள இரண்டு வட்டுகளில் எது எது என்பதை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஏற்கெனவே வேறொரு கணினியில் இருந்த எஸ்எஸ்டியின் பயனற்ற தரவு, அவருடைய முழு வட்டின் மேல் எழுதப்பட்டது. அவர் மகளின் சிறுவயதுப் படங்களில், வெளி வட்டில் தனியாக எடுத்து வைத்திருந்தவை மட்டுமே தப்பின. அதனால் இந்த வழிகாட்டியில் சில இடங்களில் நான் மிக மெதுவாகப் போவேன்.

தங்கையின் கணினியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்: விண்டோஸ் 10, சாட்டா (பழைய வட்டு இணைப்பு முறை) ஹார்ட் டிஸ்க், மெல்லிய எஸ்எஸ்டியைச் செருகுவதற்குக் காலியாக ஒரு எம்.2 துளை, அதில் பொருத்தப்போகும் 1 டிபி என்விஎம்இ (வேகமான புதிய இணைப்பு முறை) எஸ்எஸ்டி. நகலெடுக்கப் பயன்படுத்துவது குளோன்சில்லா. தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவான, இலவசமான, திறந்த மூல மென்பொருள் இது.

நகலா, புதிதாக நிறுவுவதா?

கணினியில் வைரஸ் தொல்லை இருந்தால், அல்லது விண்டோஸே அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றால், நகலெடுக்காதீர்கள். நோயையும் சேர்த்தே புது வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள். அப்போது புதிதாக நிறுவுவதே சரி. டிஜிட்டல் உரிமம் மதர்போர்டை வைத்தே அடையாளம் காணப்படுவதால், வட்டு மாறினாலும் விண்டோஸ் தானே செயல்படுத்திக்கொள்ளும்.

தங்கையின் கணினியில் மெதுவாக இயங்குவதைத் தவிர வேறு குறை இல்லை. ஐந்தாறு ஆண்டுகளாக அமைத்துவைத்த கணக்கு மென்பொருள், அச்சுப்பொறி அமைப்புகள், டிஜிட்டல் கையொப்பக் கருவியின் மென்பொருள் எல்லாம் அதில் இருந்தன. இவற்றை மீண்டும் அமைக்க இரண்டு நாளாகும். எனவே நகல். ஒரு எச்சரிக்கை: சில மென்பொருள்கள் தங்கள் உரிமத்தை வட்டின் வரிசை எண்ணோடு பிணைத்திருக்கும். அப்படிப்பட்டவற்றில் உரிமத்தைத் திருப்பி ஒப்படைக்கும் வசதி இருந்தால், நகலெடுப்பதற்கு முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.

எந்த எஸ்எஸ்டி வாங்குவது?

எம்.2 என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. 2018ஐ ஒட்டிய மடிக்கணினிகள் சிலவற்றின் எம்.2 துளை சாட்டாவை மட்டுமே ஏற்கும். கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். நீளமும் முக்கியம்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். எம்.2 துளையே இல்லாத கணினியானால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, யூஎஸ்பி இணைப்பியில் செருகி நகலெடுத்துவிட்டு, பிறகு ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் பொருத்தலாம்.

வேகம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு சுமார் 550 எம்பி படிக்கும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரை போகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவருக்கு இரண்டுமே பெரிய விடுதலை. ஆயுளைப் பற்றியும் பலர் அஞ்சுகிறார்கள். 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தரும் தயாரிப்புகள் உண்டு. நாளுக்கு 30 ஜிபி எழுதினால்கூட அந்த எல்லையைத் தொட 27 ஆண்டுகள் ஆகும்.

கொள்ளளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். குளோன்சில்லாவின் எளிய முறைக்கு, புதிய வட்டு பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. 512 ஜிபி வட்டிலிருந்து 500 ஜிபி வட்டுக்கு நகலெடுக்க முயன்றால் மறுத்துவிடும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு 960 ஜிபி எஸ்எஸ்டி போதாது. சிறிய எஸ்எஸ்டிதான் கையில் இருக்கிறது என்றால், எஸ்எஸ்டி தயாரிப்பாளர் வாடிக்கையாளர்களுக்குத் தரும் குளோன் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சாம்சங், குரூஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் மூன்றும் அப்படி ஒன்றைத் தருகின்றன. தரவு புதிய வட்டில் அடங்கும் என்றால் பார்ட்டிஷனை (வட்டில் பிரித்துவைத்த பகுதியை) அதுவே சுருக்கிக்கொள்ளும்.

ஆயத்தம்

இந்தப் பகுதிக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள்.

முதலில் ஆவணங்கள், படங்கள், கணக்குக் கோப்புகள் அனைத்தையும் ஒரு வெளி வட்டில் படியெடுங்கள். எடுத்தபின் அந்த வெளி வட்டை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிறகு அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். நகலெடுக்கும் நேரத்தில் அது கணினியில் செருகப்பட்டிருக்கவே கூடாது.

அடுத்து ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். நீலமாகக் காட்டினால் நல்லது. மஞ்சளாகக் காட்டி, கரண்ட் பெண்டிங் செக்டார் என்ற வரியில் சுழியம் அல்லாத எண் இருந்தால், அந்த வட்டில் படிக்க முடியாத இடங்கள் தோன்றிவிட்டன. அப்படிப்பட்ட வட்டை வழக்கமான முறையில் நகலெடுக்க முயன்றால் நடுவழியில் நின்றுவிடும். வட்டுக்கு வீண் சிரமமும்கூட. முக்கியக் கோப்புகளை உடனே எடுத்துவிட்டு, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற மீட்புக் கருவியை நாடுங்கள். அது நன்றாக உள்ள பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும்.

வட்டு நலம் என்றால், சி டிரைவை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ் வழியாகப் பிழை சரிபார்ப்பை ஒருமுறை ஓட்டுங்கள்.

வட்டின் தரவைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பலருக்குத் தங்கள் வட்டு பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்குடன் உள்நுழைந்தபோது அது தானாகவே இயங்கத் தொடங்கியிருக்கும். இயங்கினால், 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பூட்டை முழுவதுமாக நீக்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம், காத்திருங்கள். நீக்காமல் போனால் குளோன்சில்லாவால் உள்ளே எது தரவு, எது வெற்றிடம் என்று பிரித்தறிய முடியாது. பயன்படுத்திய 180 ஜிபிக்குப் பதிலாக 1 டிபியையும் வரி விடாமல் படியெடுக்கும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கிறது. இது இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் உள்ள பார்ட்டிஷனை நகலெடுப்பது பாதுகாப்பானது அல்ல.

கடைசியாக, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தைத் திறந்து பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். விண்டோஸுக்கு முன்பே கணினியைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்தான் பயாஸ். யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை இருந்தால் சரி. லெகசி என்ற பழைய முறை இருந்தால், என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் பெரும்பாலும் பூட் ஆகாது, அதாவது தொடங்காது. யாராவது பழைய முறையில் விண்டோஸை மீண்டும் நிறுவிக் கொடுத்திருந்தால் புதிய கணினியிலும் இப்படி இருக்கலாம். 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தரவை அழிக்காமல், யூஇஎஃப்ஐக்குத் தேவையான ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை முறைக்கு வட்டை மாற்றும். முதலில் அதன் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி, பிழை இல்லை என்று வந்தபின் மாற்றுங்கள். பிறகு பயாஸில் யூஇஎஃப்ஐயைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் தொடங்குகிறது என்று உறுதி செய்துகொண்டு மேலே போங்கள்.

பழைய விண்டோஸுக்குப் புதிய வட்டை அறிமுகப்படுத்துதல்

பல வழிகாட்டிகள் விட்டுவிடும் படி இது. சாட்டா ஹார்ட் டிஸ்க்கில் நிறுவப்பட்ட விண்டோஸுக்கு, தொடங்கும் கணத்தில் என்விஎம்இ வட்டைப் படிக்க உதவும் இயக்கி (டிரைவர்) தேவைப்பட்டதில்லை. எனவே அதை ஓரமாக வைத்திருக்கும். நகலெடுத்த பிறகு நேராக எஸ்எஸ்டியிலிருந்து தொடங்கினால், தன் சொந்த வட்டையே படிக்கத் தெரியாமல் நீலத் திரையில் நிற்கக்கூடும். முன்னதாகவே இரண்டும் சந்தித்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றுங்கள். பேட்டரியின் இணைப்பைப் பலகையிலிருந்து விடுவியுங்கள். உலோகம் எதையாவது தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை இறக்குங்கள். எஸ்எஸ்டியைச் சுமார் 30 பாகைச் சாய்வில் துளைக்குள் செலுத்தி, மெல்ல அழுத்திப் படுக்கவைத்துத் திருகை முடுக்குங்கள். அந்தத் திருகு மிகச் சிறியது. சில எஸ்எஸ்டிகளோடு அது வருவதில்லை. துளைக்கு அருகிலேயே இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியை மீண்டும் இணைத்து, பழைய விண்டோஸைத் தொடங்குங்கள். டிவைஸ் மேனேஜரில் புதிய எஸ்எஸ்டியின் பெயர் தெரிய வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், புதிய வட்டை இனிஷியலைஸ் செய்யட்டுமா, அதாவது பயன்பாட்டுக்கு ஆயத்தமாக்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று மூடிவிடலாம். இப்போது இரண்டு வட்டுகளின் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். "பழையது, இதிலிருந்து" என்று ஒன்றின் பக்கத்திலும், "புதியது, இதற்கு" என்று மற்றொன்றின் பக்கத்திலும் குறியுங்கள். தங்கையின் கணினியில் இரண்டுமே 1 டிபி. அளவை வைத்துப் பிரித்தறிய வழியே இல்லை. அந்தத் தாள் மட்டுமே துணை.

நகலெடுத்தல்

வேறொரு கணினியில், பென் டிரைவிலிருந்தே இயங்கும் குளோன்சில்லா லைவின் ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் வழியாக ஒரு பென் டிரைவில் எழுதுங்கள். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பதிப்பை எடுத்தால் செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பு அமைப்பை அணைக்க வேண்டியதில்லை. மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகி, சார்ஜரையும் செருகுங்கள். மின்வெட்டு வந்தால் பேட்டரி தாங்க வேண்டும். எனவே முழுமையாக மின்னேற்றியபின் தொடங்குங்கள். கணினியைப் பொறுத்து எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் ஒரு விசை பூட் பட்டியலைத் திறக்கும்.

1. மொழியையும் விசைப்பலகையையும் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலமும் இயல்பான விசைப்பலகையும் போதும்.

2. ஸ்டார்ட் குளோன்சில்லா. அடுத்து டிவைஸ்-டிவைஸ் என்ற வரி. ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு நேராக எழுதுவது இதுதான்.

3. பிகினர் மோட். அதற்குள் டிஸ்க் டு லோக்கல் டிஸ்க்.

4. இப்போது மூல வட்டைக் கேட்கும். பட்டியலில் சாட்டா வட்டு பெரும்பாலும் எஸ்டிஏ என்றும், என்விஎம்இ வட்டு என்விஎம்இ0என்1 என்றும் தெரியும். பென் டிரைவும் எஸ்டி என்றே தொடங்கும், வரிசை மாறலாம். எனவே அந்தப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்தில் உள்ள மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். "இதிலிருந்து" என்று எழுதியதே மூலம்.

5. இலக்கு வட்டு. இங்கே மறுபடியும் தாள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. பக்கத்தில் யாராவது இருந்தால் ஒருவர் திரையை வாசிக்க, மற்றவர் தாளைப் பார்க்கட்டும். தங்கையும் நானும் அப்படித்தான் செய்தோம்.

6. கோப்பு முறையைச் சோதிக்கவா என்று கேட்டால் தாண்டிவிடலாம். அந்தச் சோதனை லினக்ஸ் பார்ட்டிஷன்களுக்கானது. விண்டோஸுக்கு உரியதை ஏற்கெனவே செய்துவிட்டோம்.

7. பார்ட்டிஷன் அட்டவணைக்கு, மூலத்தில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளும் முதல் தேர்வை விட்டுவிடுங்கள். விகிதப்படி பெரிதாக்கும் தேர்வும் உண்டு. ஆனால் அது சிறிய பூட் பார்ட்டிஷனையும் மீட்புப் பார்ட்டிஷனையும் சேர்த்தே பெரிதாக்கி இடத்தை வீணாக்கும்.

8. இலக்கில் உள்ள அனைத்தும் அழியும் என்ற எச்சரிக்கை வரும். அதில் காட்டப்படும் பெயர் எஸ்எஸ்டியுடையது என்று பார்த்தபின் சம்மதியுங்கள். குளோன்சில்லா இதை மறுபடியும் கேட்கும், மறுபடியும் பாருங்கள். முதல் சம்மதத்துக்கு முன் ஐயம் துளி இருந்தாலும் கணினியை அணைத்துவிடலாம், அதுவரை எதுவும் எழுதப்பட்டிருக்காது.

பிறகு காத்திருப்பதுதான். வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் 180 ஜிபி நகர அரை மணி நேரம். தட்டின் உட்புறத் தடங்களில் வேகம் குறையும் என்பதால் சற்று நீளலாம். முடிந்ததும் பவர் ஆஃப் செய்யுங்கள், ரீபூட் வேண்டாம்.

முதல் தொடக்கம்

இப்போது கணினிக்குள் இரண்டு இரட்டையர்கள் இருக்கிறார்கள். வட்டின் அடையாள எண், பார்ட்டிஷன்களின் அடையாள எண் எல்லாம் ஒன்றே. இரண்டையும் வைத்துத் தொடங்கினால், விண்டோஸ் எதிலிருந்து எழுந்தது என்றே தெரியாமல் போகலாம். ஒன்றை அது தானாகவே ஆஃப்லைனில் வைத்துவிடும். எனவே பின்மூடியைத் திறந்து, பேட்டரியை விடுவித்து, ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பைக் கழற்றுங்கள். எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும்.

பொத்தானை அழுத்துங்கள். தங்கையின் கணினி முதல் முயற்சியிலேயே எழுந்தது. கடவுச்சொல் கேட்கும் திரை வந்தபோது அவள் நாற்காலியில்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

நீலத் திரை வந்தால் பதற வேண்டாம், பழைய வட்டு அப்படியே இருக்கிறது. சில முறை தொடங்கத் தவறியதும் விண்டோஸ் தானே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக, அடிப்படை இயக்கிகளோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் ஒருமுறை தொடங்குங்கள். இயக்கி தன் இடத்தில் அமர்ந்துவிட்டால் அடுத்த முறை வழக்கம்போல் தொடங்கும்.

இன்னொரு சிக்கல் நகலெடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்: குளோன்சில்லாவின் பட்டியலில் எஸ்எஸ்டியே இல்லாமல் போவது. பயாஸில் சாட்டா முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்றிருந்தால் இப்படி நடக்கும். ஏஹெச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் சட்டென்று மாற்றினால் பழைய விண்டோஸும் தொடங்காது. முதலில் விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட் என்ற பெட்டியைக் குறியிட்டு, மறுதொடக்கத்தின்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை நுழைந்து, குறியை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

சரிபார்த்தல்

டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் சாளரத்தில் சி டிரைவின் வகை சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் விண்டோஸ் அதை டிஃப்ராக் செய்யாமல், அழிக்கப்பட்ட இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையை மட்டும் செய்யும். வேறு வகையாகக் காட்டினால் ஆப்டிமைஸ் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கணக்கு மென்பொருளையும் அச்சுப்பொறியையும் கையொப்பக் கருவியையும் இயக்கிப் பாருங்கள். பிட்லாக்கர் பூட்டை நீக்கியிருந்தால் மறுபடியும் பூட்டுங்கள், புதிய மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள்.

பெரிய எஸ்எஸ்டிக்கு மாறியவர்கள் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு வெற்றிடத்தைப் பார்ப்பார்கள். சி டிரைவை நீட்டிக்க முயன்றால் எக்ஸ்டெண்ட் மங்கிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே மீட்புப் பார்ட்டிஷன் குறுக்கே படுத்திருப்பதுதான் காரணம். ரீஏஜென்ட்சி கட்டளையால் மீட்புச் சூழலை முதலில் முடக்குங்கள். பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் லைவை ஒரு பென் டிரைவிலிருந்து தொடங்கி, மீட்புப் பார்ட்டிஷனை வட்டின் கடைசிக்கு நகர்த்தி, சி டிரைவை நீட்டியுங்கள். விண்டோஸுக்குத் திரும்பியதும் அதே கட்டளையால் மீட்புச் சூழலை இயக்குங்கள்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைச் செயலி என்பதால் தங்கையின் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்கும். ஆனால் நகலெடுத்த அன்றே அதையும் செய்யவில்லை. ஏதாவது கோளாறு வந்தால் எதனால் வந்தது என்று புரியாமல் போகும். ஒரு வாரம் பழையபடி வேலை செய்துவிட்டு, பிறகு மேம்படுத்தினோம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். அதில் நாள் எழுதி ஒட்டி, குறைந்தது ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும்போதுதான் திறக்கப்படும் கோப்புகள் இருக்கின்றன; அந்த ஒரு சுற்று முடியட்டும். அதன்பின் ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டு வேறொரு கணினியில் செருகி, அதே தாளை எடுத்து வரிசை எண்ணை ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, பார்ட்டிஷன்களை நீக்கிப் புதிதாக ஃபார்மட் செய்யுங்கள். தங்கை அதைத்தான் இப்போது வாராந்தரக் காப்புப் படிக்குப் பயன்படுத்துகிறாள்.